ஆண்பிள்ளை அழலாமா?

“ஆண்பிள்ளை அழலாமா?” என்னும் வினாவைக் கேளாத செவி நம் இல்லங்களில் இராது. மூன்று வயதுச் சிறுவன் முழங்காலில் அடிபட்டு அழும்போது இது முதன்முதலாகக் கேட்கப்படுகின்றது. அன்று வாய்மூடப் பழகியவன், நாற்பதாம் வயதில் நெஞ்சு வெடிக்கும் துயரத்திலும் வாய்மூடியே இருக்கின்றான். இதனை ஆண்மையென்று போற்றுவது முறையா என்பதே நாம் ஈண்டு ஆராயும் பொருள்.

1924-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜொகூர்க் கடற்பாலத்தின் மீது, பொழுது புலருமுன்னரே மோட்டார் சைக்கிள்கள் சாரி சாரியாய்ச் சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் காட்சியை ஜொகூர் பாருவாசிகள் அறிவர். அவற்றைச் செலுத்துவோருள் பால்மரம் சீவியவர்களின் பேரர்களும் உளர். பாட்டன் பெரட்டுக்கு எழுந்த வேளையிலேயே பேரனும் எழுகின்றான். தோட்டத்துக் கங்காணி மறைந்தான். வீட்டுக் கடனும் வண்டித் தவணையும் புதிய கங்காணிகளாய் வந்து நிற்கின்றன. இரவில் வீடு திரும்பினால் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். “என்ன கவலை?” என்று மனைவி வினவினால், “ஒன்றுமில்லை” என்கின்றான். அவ்வொரு சொல்லின் அடியில் எத்துணைத் துயரம் புதைந்து கிடக்கின்றது!

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மனச்சோர்வு நோயால் வாடுவதைக் கண்டது. பெண்டிர் படும் பாடு சிறிதென்று நாம் கூறவில்லை. ஆயினும் உலகெங்கும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோர் விகிதம் பெண்களினும் ஆண்களிடையே இருமடங்குக்கு மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பேசாத வாய் துன்பத்தை வென்றுவிடுமாயின், இவ்வாறு நேருமா?

மனநல ஆலோசகர் என்ன செய்கின்றார்? அவர் மந்திரவாதியுமல்லர், உபதேசியுமல்லர். ஆண்மக்களிற் பலர் “துக்கமாயிருக்கிறது” என்று சொல்லார். “தூக்கமில்லை, தலைவலி, எதற்கெடுத்தாலும் கோபம்” என்பர். ஆதலின் நல்ல ஆலோசகர் உறக்கத்திலும் வேலையிலும் இருந்தே பேச்சைத் தொடங்குகின்றார். கேட்டதை வெளியிற் கூறார். உயிருக்கு ஆபத்து நேருமிடத்தன்றி அந்த இரகசியம் காக்கப்படும். “சாக வேண்டுமென்று எண்ணியதுண்டா?” என்று நேரே வினவவும் தயங்கார். அவ்வாறு வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்காது. தனியே சுமந்தவனுக்கு அது மூச்சுவிட இடமளிக்கும். பின்னர், இவ்வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை இருவரும் கூடித் தெரிகின்றனர். ஒரு மணி நேரம் முன்னதாக உறங்குதல், கடன் கணக்கை மனைவியின் முன் விரித்துவைத்தல் போன்ற காரியங்களே அவை.

“குறைந்த கூலியும் நீண்ட வேலையுமே நோய்க்குக் காரணமாயின், பேச்சு என்ன செய்யும்?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பேச்சு கடனை அடைக்காது. அநீதிக்கு உட்பட்டவனை நோக்கி “பொறுத்துக்கொள்” என்று மட்டும் சொல்லும் ஆலோசனை, முதலாளிக்குச் செய்யும் ஊழியமேயன்றி மருத்துவமன்று. ஆனால் உறக்கமிழந்து நம்பிக்கையற்றுக் கிடப்பவன் உரிமைக்காக எழுந்து நிற்பதெங்ஙனம்? கூலியைத் திருத்தச் சங்கம் வேண்டும். சங்கத்திற்கு வர மனிதன் உயிரோடும் தெளிவோடும் இருத்தல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் பேதைமை.

நாமோ தம்போய், தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர்களையே ஏச்சாக்கி வைத்திருக்கின்றோம். அங்குள்ள மனநல மருத்துவமனைகள் நோய் தீர்க்கும் இடங்களேயன்றி அவமானச் சின்னங்களல்ல. காலில் முறிவு கண்டால் மருத்துவரை நாடுகின்றோம். மனம் முறிந்தால் தாயத்தையோ சம்சுப் புட்டியையோ நாடுகின்றோம். இது என்ன அறிவு?

தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிற்று. சட்டமே தண்டனையைக் கைவிட்ட பின்னும், நம் வீடும் தெருவும் ஏளனமென்னும் தண்டனையை விடாதிருப்பது தகுமா? சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண், துயருற்றோர் பேசுதற்கென்றே உள்ளது.

தோழர்களே! துயரத்தை மறைப்பதற்குத் துணிவு வேண்டுவதில்லை, அச்சமே போதும். அதனை எடுத்துரைப்பதற்கே துணிவு வேண்டும். இன்றிரவு உம் அண்ணனோ தம்பியோ “ஒன்றுமில்லை” என்பானாயின், அதனோடு விட்டுவிடாதீர். அருகில் அமர்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.