பெட்டியில் இல்லாத பொம்மைகள்

போரை விளையாட்டாக்கிக் கொள்வது மனிதருக்குப் புதிதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் நம் முன்னோர் ஒரு பலகையின் மேல் ஏற்றி, அதற்குச் சதுரங்கம் என்று பெயரிட்டனர். மேலை நாடுகளில் இதனினும் நுட்பமான விளையாட்டு ஒன்று வழங்கி வருகிறது. இடைக்காலப் படை ஒன்றை, வீரனுக்கு வீரன், விரலளவுப் பொம்மைகளாகச் சேர்க்கின்றனர். 28 மில்லிமீட்டர் உயரமே உள்ள உலோக வார்ப்புக்கு முதலில் அடிப்பூச்சு. பின்னர் ஆடையின் மடிப்புகளில் கருநிறம். ஒளி படும் மேடுகளில் வெளிர்நிறம். இறுதியில் மயிரிழை போன்ற தூரிகையால் கண்கள். ஒரு படை நிறைவுறப் பல மாதங்கள் ஆகும். அதன்பின் மேசைமேல் குன்றும் வயலும் அமைத்து, அளவுகோலால் நடையை அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவர்.

இதனைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்தளித்த போர் விளையாட்டு, அந்நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே அமைந்தது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கென விதிநூல் ஒன்றை எழுதினார். மெய்யான போரைவிட இந்தச் சின்னஞ்சிறு போர் எவ்வளவோ மேலானது என்று அதில் வாதாடினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அப்படியானால் இத்தகைய விளையாட்டு மனிதரின் போர்வெறியைத் தணிக்கிறதா, வளர்க்கிறதா? இதற்கு விடை காண, அது நமக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காட்டுவது ஒன்று உண்டு. படைத்தலைவரின் வரைபடத்தில் ஆயிரம் பேர் ஓர் அம்புக்குறியாகச் சுருங்கிவிடுகின்றனர். வண்ணம் தீட்டுபவரோ, சில நிமிடங்களேனும், ஒவ்வொரு முகத்தையும் உற்று நோக்கியே ஆக வேண்டும். குதிரைமேல் வரும் பிரபுவின் கேடயத்தில் குலச்சின்னம் பொலிகிறது. பக்கத்தில் நிற்கும் வில்லாளனுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைத் தூரிகை பிடித்த கை அறிந்துகொள்கிறது. திருவரங்கத்தில் சேஷராயர் மண்டபத்தின் தூண்களைப் பார்த்தவர்களுக்கும் இது புரியும். பாய்ந்தெழும் குதிரைகள்மேல் அணிகலன் பூண்ட வீரர்கள். குளம்புகளுக்குக் கீழே, உயிருக்குப் போராடும் சிறிய உருவங்கள். மேலே இருப்பவரை நாம் அண்ணாந்து வியக்கிறோம். கீழே இருப்பவரின் முகத்தையும் சிற்பி செதுக்கியே வைத்திருக்கிறார். குனிந்து பார்ப்பவர் சிலரே.

மறைப்பதோ பெரிது. மேசையில் வீழ்ந்த பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைக்கிறோம். மறுநாள் அது மீண்டும் எழுந்து நிற்கிறது. 1415ஆம் ஆண்டின் அஜின்கூர்ப் போர் இவ்விளையாட்டினர் பெரிதும் விரும்பும் போர். அன்று இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் ஆணைப்படி, சரணடைந்திருந்த பிரெஞ்சுக் கைதிகள் பலர் கொல்லப்பட்டனர். வெற்றி தோல்வியைக் கணக்கிடும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டாம். நம் திருச்சிராப்பள்ளியையே ஒரு மேசைமேல் அமைத்துப் பார்ப்போம். மலைக்கோட்டை, காவிரி, கொள்ளிடம், நடுவே திருவரங்கத் தீவு. 1752இல் சந்தா சாகிப்பின் படையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் இத்தீவுக்குள் பின்வாங்கி, திருவரங்கம், திருவானைக்கா கோயில்களின் மதில்களுக்குள் தங்கின. கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தில் கிளைவ் வழியடைத்து நின்றார். ஜூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டார். விளையாட விரும்புபவருக்கு இதில் எல்லாம் உண்டு: ஆறு, மதில், முற்றுகை, துரோகம். ஆனால் முற்றுகை நீடித்த அந்நாள்களில் தீவில் வாழ்ந்த குடும்பங்கள் எதை உண்டன? பீரங்கி வண்டிகள் யாருடைய வயல் வழியே சென்றன? இவர்களுக்கு எந்தப் பெட்டியிலும் பொம்மை இல்லை.

இங்கே நம் ஊர்களின் வழக்கம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நவராத்திரி நாள்களில் திருவரங்கத்து இல்லங்களில் கொலு வைக்கின்றனர். அப்படிகளில் போர்வீரர் பொம்மையும் நிற்பதுண்டு. ஆனால் அது தனித்து நிற்பதில்லை. செட்டியார் தம் மனைவியுடன் கடை விரித்திருக்கிறார். கல்யாண ஊர்வலம் போகிறது. மரப்பாச்சி இணை மேற்படியில் வீற்றிருக்கிறது. வாள் ஏந்தியவர் யார் நடுவே வாழ்பவர் என்பதைக் கொலு மறக்கவிடுவதில்லை.

நம் இல்லங்களில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கிறோம். இடையர், ஆடு, மாடு, மூன்று ஞானிகள் யாவரும் உண்டு. ஏரோதின் வீரர்களை மட்டும் நாம் வைப்பதில்லை. ஆயினும் டிசம்பர் 28ஆம் நாள் திருச்சபை மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூர்கிறது. குடிலில் வாள் இல்லை. போர் மேசையில் குழந்தை இல்லை. பெத்லகேமிலோ இரண்டும் ஒரே தெருவில் இருந்தன.

ஆகவே பொம்மைப் படை வைத்திருப்பதே பாவம் என்று நாம் சொல்லப் புகவில்லை. பொறுமையையும் கைத்திறனையும் வரலாற்று அறிவையும் வளர்க்கும் கலை அது. அந்த மேசையை முழு உலகம் என்று நம்பிவிடுவதில்தான் தீங்கு இருக்கிறது. அந்நம்பிக்கை விளையாடுவோருக்கு மட்டும் உரியதன்று. தொலைக்காட்சியில் தொலைதூரப் போரின் வரைபடத்தையும், உச்சியிலிருந்து எடுத்த குண்டுவீச்சுக் காட்சியையும் பார்த்து, யார் முன்னேறினார் என்று நாற்காலியில் அமர்ந்து பேசும் நாம் அனைவருமே அந்த மேசையைச் சூழ்ந்திருப்பவர்கள்தாம்.

நம் பிள்ளைகள் ஒரு வீரன் பொம்மையைக் கையில் எடுத்தால், பிடுங்கிவிட வேண்டாம். இவனுடைய ஊர் எது, இவனுக்காகக் காத்திருப்பவர் யார் என்று கேட்போம். வீரர் வரிசைக்குப் பின்னால், குடத்துடன் ஆற்றுக்குச் செல்லும் ஒரு பெண்ணையும் அவள் கைபிடித்த குழந்தையையும் செய்து வைக்கச் சொல்வோம். அதன் பின்பும் பகடையை உருட்ட அந்தக் கை தயங்காதா?