பழைய முடிவு

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். எந்தக் கொட்டகை என்று நான் சொல்லப் போவதில்லை. அது இப்போது இல்லை. நெசவாளர்களைக் கொண்டுவந்து 1734-ல் குடியேற்றியதால் 'சின்னத் தறிப் பேட்டை' என்று பெயர் பெற்ற ஊர் இது என்பார்கள். தறியும் போயிற்று. பக்கத்தில் பிளாக்கர்ஸ் சாலையில் ரகுபதி வெங்கையா 1914-ல் கட்டிய கெயிட்டியும் போயிற்று. பெரியவர் இருக்கிறார்.

2025 ஆகஸ்டில் ஒரு மாலை அவரிடம் கோபத்தோடு போனேன். கோபத்துக்குக் காரணம் 'அம்பிகாபதி'. 2013-ல் வந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்துக்குத் தமிழில் அந்தப் பெயர். அதில் நாயகன் இறந்து போவான். ஆகஸ்ட் 1-ந் தேதி தமிழ்ப் பிரதியை மறுபடியும் வெளியிட்டவர்கள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். படத்தை இயக்கிய ஆனந்த் எல். ராயும் நடித்த தனுஷும் ஆட்சேபித்தார்கள். உரிமை எங்களுடையது என்றது கம்பெனி. கூத்தைப் பாருங்கள்! கடவுள் வாழ்த்தையும் சேர்த்து நூறு என்று அமராவதி தப்பாக எண்ணியதால் தலையைக் கொடுத்தவன் அம்பிகாபதி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிழைப்பதாவது!

பெரியவர் சிரித்தார்.

"கம்பெனிக்காரனைத் திட்டறீங்களே தம்பி, நான் வெட்டாததையா அவன் வெட்டிட்டான்?"

அந்தக் காலத்தில், படம் நீளம், இரண்டாவது ஆட்டம் முடிய நேரமாகிறது என்று மானேஜர் முகம் சுளிப்பாராம். அழுகைப் பாட்டு ஒன்று போகும். மறுநாள் ஒரு தர்பார்க் காட்சி போகும். கத்தரி, பிளேடு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சிமெண்ட், அவ்வளவுதான் ஆயுதம். வெட்டிய துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு வைப்பார். சிலவற்றைத் திரும்ப ஒட்டி அனுப்புவார். சில, மறதியில் டப்பாவோடு நின்றுவிடும். பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"அங்கே பார்த்தவன் டைரக்டர் எடுத்த படத்தைப் பார்க்கலை, நான் எடுத்த படத்தைப் பார்த்தான்" என்றார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகவா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் போனவை கொஞ்சமல்ல. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்', தமிழின் முதல் பேசும் படமான 1931-ம் வருஷத்துக் 'காளிதாஸ்', ஒரு வருஷம் ஓடிய 1937-ம் வருஷத்துச் 'சிந்தாமணி', ஒன்றுக்கும் இன்று பிரதி கிடையாது. படச்சுருளில் வெள்ளி இருக்கிறது என்று கழுவி எடுத்து விற்ற நாடு இது. திரைப்பட ஆவணக் காப்பகம் புனாவில் 1964-ல் தொடங்கியபோது, போனவை போயே போய்விட்டிருந்தன. ஆனால் இவையெல்லாம் அறியாமையால் வந்த நஷ்டம். அறியாமையை மன்னிக்கலாம். கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

அமெரிக்காவில் ஜார்ஜ் லூகாஸ் கதை அப்படி. முதலாளிகள் பழைய படங்களுக்குச் சாயம் பூசுவதை எதிர்த்து 1988-ல் அந்த நாட்டுக் காங்கிரஸ் முன்னால் சாட்சி சொன்ன மனிதர் அவர். அவரே 1977-ல் தாம் எடுத்த 'ஸ்டார் வார்'ஸை 1997-ல் மாற்றினார், பிறகும் மாற்றினார். பழையதை 2006-ல் ஒரு தடவை உபரித் தட்டாகச் சேர்த்துக் கொடுத்ததோடு சரி. சிறுவயதில் பார்த்ததைத் திரும்பப் பார்க்க விரும்பியவர்கள் வருஷக்கணக்கில் தவித்தார்கள். 2025 ஜூனில் லண்டனில் ஒரு பழைய பிரதியைத் திரையிட்டது உலகச் செய்தியாயிற்று.

எடுத்தவனுக்கு மாற்ற உரிமை இல்லையா? உண்டு. பிறர் எழுதியதைக்கூட மாற்றலாம். வால்மீகியின் ராவணன் சீதையை உடலைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுக்க வைத்தார். ஆனால் வால்மீகியின் சுவடிகளைத் தேடிப் பிடித்துக் கொளுத்தவில்லை. அவர் வேண்டுமானால் இருக்கட்டும், நானும் இருக்கிறேன் என்ற தைரியம் கம்பருக்கு இருந்தது. பழையதை ஒளிப்பவனுக்குத் தன் புதியதிலேயே நம்பிக்கை இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரியவரிடம் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

"அப்படியா?" என்றார். "உங்க முதல் தொடர்கதையில, அந்தப் பொண்ணு கடைசியில வீட்டை விட்டுப் போனாளே, தம்பி. புஸ்தகத்துல ஏன் திரும்பி வந்துட்டா?"

எனக்கு முகத்தில் சூடேறியது. பத்திரிகையில் அந்த முடிவைப் படித்துவிட்டுக் கோபித்து எழுதியவர்கள் அநேகம். கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கிற புத்தகத்தில் பெண் இப்படிப் போகலாமா என்றார் பதிப்பாளர். நான் திருப்பிக் கூட்டி வந்தேன். அனுபவம் முதிர்ந்ததால் மாற்றினேன் என்று முன்னுரையிலும் எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் பிரதி பழைய பேப்பர்காரனோடு போயிற்று. அவள் என்ன சொல்லிவிட்டுப் படியிறங்கினாள் என்பது எனக்கே நினைவில்லை.

பெரியவர் உள்ளே போய் ஒரு பைண்டு புத்தகத்தைக் கொண்டுவந்தார். வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பக்கங்கள். இரவல் கேட்டேன். ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை திருப்பித் தரவேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன்.

"படிச்சீங்களா?"

"கடைசி அத்தியாயம் தவிர."

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்து, தேதியைத் திருத்தி எழுதினார்.