ஸைது ஏன் அம்ரை அடித்தான்?

அறபு இலக்கணம் ஓதப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘ஸைது அம்ரை அடித்தான்.’ எழுவாயையும் செயப்படுபொருளையும் விளக்குவதற்காகப் பல நூற்றாண்டுகளாக ஸைது அடித்துக்கொண்டேயிருக்கிறான், அம்ரு வாங்கிக்கொண்டேயிருக்கிறான். ஏன் அடித்தான் என்று கேட்பார் அரிது. விதி விளங்கினால் போதும், பொருள் எதற்கு என்ற நிலை அது.

தாம்பரம், சேலையூர், வண்டலூர் வட்டாரத்து இளைஞர் தொழில் நிமித்தம் ஸ்பானியமோ ஜெர்மனோ பயிலும்போது, சில நூறு சொற்களில் அமைந்த சிறு கதைநூல்கள் அவர்களுக்குத் துணையாகின்றன. அறபுக்கு இம்முறை தகுமா? கற்போனுக்காகக் கல்வியை எளிதாக்குவது அதன் கண்ணியத்தைக் குறைப்பதாகுமா? பெரியோர் சிலர் ஆகும் என்கின்றனர். உழைத்துப் பெறாத கல்வி நிலைக்காது என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை நாம் எள்ளுவதற்கில்லை.

எனினும், லக்னோ நகரின் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (1914–1999) செய்ததைக் காண்போம். 1940-களில் அவர் தம் சகோதரர் மகனுக்காக ‘கஸஸுந் நபிய்யீன்’ எழுதத் தொடங்கினார். சிறுவன் கையில் பிராணிகளின் கதைகளே இருக்கக் கண்ட வருத்தத்தை முன்னுரையில் அவனிடமே கூறுகிறார். நூல் இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு தொடங்குகிறது. சிலை விற்பவரின் வீடு, வணங்கும் மக்கள், பேசாத, கேளாத கற்களை ஏன் வணங்குகிறீர்கள் என வினவும் மகன். வாக்கியங்கள் குறுகியவை; வந்த சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. வினைச்சொல்லின் மாற்றங்கள் மனனம் செய்யாமலே நாவில் படிகின்றன.

மொழிதான் இங்கே எளிது, பொருள் எளிதன்று. ‘ஏன்’ என்னும் வினாவே அங்குப் பாடத்தின் உயிராகிறது. அந்தச் சகோதரர் மகன் முஹம்மதுல் ஹஸனீ பிற்காலத்தில், 1955-ல், லக்னோவிலிருந்து ‘அல்பஃதுல் இஸ்லாமீ’ என்னும் அறபுத் திங்களிதழைத் தொடங்கினார்.

கதை மட்டும் போதும் என்று நாம் கூறவில்லை. சொல்லின் இறுதிக் குறிகள் மாறும் காரணத்தை இலக்கணமே உணர்த்தும். ஆயின் பசித்தவனுக்கு உணவு தந்தபின் அதன் குணங்களை விளக்குவதே முறை. எளிய நூல் எழுதுவோனிடம் கற்போனின் முதற் சொற்கள் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றன. அவற்றைப் பொருளற்ற வாக்கியங்களில் செலவிடுவது அமானிதத்தைப் பேணுவதாகாது.

நம் பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதி முடிக்கின்றனர். இல்லங்களில் இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அது மகிழத்தக்கதே. ஆயின் ஓதியவற்றுள் ஓர் ஆயத்தின் பொருளேனும் அறியாத பிள்ளைகள் எத்தனை பேர்! மாலை மதரஸாவில் ஓதல் முடிந்தபின் கால்மணி நேரம், ஒரு பக்கக் கதை: இதனை உஸ்தாதுமார்களிடம் பெற்றோர்கள் கேட்டுப் பெறுவார்களாக.