வராத சாவி

பூட்டும் சாவியும் மனிதன் மனிதனை நம்பாததற்கு அடையாளம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஒருவரையுமே நம்பாதவனுக்குச் சாவி எதற்கு? சுவர் எழுப்பிக்கொண்டால் போதுமே! இன்னாரை மட்டும் உள்ளே விடலாம் என்று ஒருவன் தீர்மானித்த பிறகுதான் சாவி பிறக்கிறது. ஆகவே, யாரிடம் சாவியைக் கொடுப்பது, கொடுத்ததை எப்போது திரும்பப் பெறுவது என்பவை பூட்டுக்காரனுடைய கேள்விகள் மட்டுமல்ல. தர்மத்தைப் பற்றிய கேள்விகளுங்கூட. தொலைந்துபோன கார்ச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்யும் முறையைத் தெரிந்துகொண்டபோது, இந்தக் கேள்விகள் முன்னைவிடக் கூர்மையாக எனக்குள் எழுந்தன.

பழைய பூட்டு சாவியின் உருவத்தைத்தான் பார்க்கும். பல் பொருந்தினால் திறக்கும். செய்தவன் எஜமானனா திருடனா என்று அது கேட்பதில்லை. 1990-களில் வந்த கார்கள் இதை மாற்றின. போர்ட் கம்பெனி 1993-இல் ஐரோப்பாவிலும் 1996-இல் அமெரிக்காவிலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இத்தகைய காவல் கட்டாயமாயிற்று. சாவியின் தலைப்பகுதிக்குள் கடுகளவு மின்சில்லு ஒன்று இருக்கிறது. அதற்கு பாட்டரி வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்தே சக்தி பெற்று, அது தன் எண்ணைச் சொல்கிறது. காரின் நினைவில் அந்த எண் இருந்தால் எஞ்சின் ஓடும். இல்லாவிட்டால் எத்தனை அழகாகப் பல் வெட்டியிருந்தாலும் ஓடாது. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தான் வேறு விஷயம். அதற்குத் தனி பாட்டரி, தனிப் பாடம்.

எனவே புதுச் சாவியை வெட்டினால் மட்டும் போதாது, அதைக் காருக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். இதைப் புரோகிராம் செய்வது என்கிறார்கள். அறிமுகம் செய்து வைப்பது என்று நான் சொல்வேன். அந்தக் கம்பெனியின் பல கார்களில் இதைச் சொந்தக்காரரே செய்துகொள்ளலாம். முதலில் ஒரு பழைய சாவியைப் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும்; சில விநாடிகளுக்குள் இன்னொரு பழைய சாவி; அதன் பிறகே புதுச் சாவி. ஏற்கனவே தெரிந்த இரண்டு பேர் ஜாமீன் நின்றால்தான் மூன்றாமவனைக் கார் ஏற்கும். பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் கேட்பதைப் போலத்தான்! இப்படி 8 சாவிகள் வரை சேர்க்கலாம்.

இரண்டு பழைய சாவிகள் இல்லையென்றால்? அப்போது மெக்கானிக் தம் கம்ப்யூட்டரைக் காரோடு இணைக்கிறார். அந்தப் பழைய முறையில், கார் உடனே தன் நினைவைத் திறந்து காட்டிவிடாது. சுமார் 10 நிமிஷம் காக்க வைக்கும். சொந்தக்காரனுக்குப் பத்து நிமிஷம் பொருட்டல்ல. திருடனுக்கோ அது ஒரு யுகம். அந்த நேரம் கழிந்ததும், நினைவிலுள்ள எல்லாச் சாவிகளையும் ஒரே அடியாக அழிக்கிறார்கள். பின்பு கையில் இருக்கும் சாவிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் அறிமுகம் செய்கிறார்கள். இரண்டாவது சேரும் வரை எஞ்சின் கிளம்பாது.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். சந்தையில் தொலைந்து எவன் கையிலோ சிக்கிய சாவியும் அழிந்தது. வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்த சாவியும், வெளியூரில் படிக்கும் மகனின் பையில் கிடந்த சாவியும் அதோடு சேர்ந்து அழிந்தன. அன்று வந்திருந்தவை உறவு, வராதவை அந்நியம். ஏன் வரவில்லை என்று கார் கேட்பதில்லை. இது நியாயமா?

ஒரு வகையில் நியாயந்தான். தொலைந்த சாவியைக் கார் திருடன் என்று சொல்லவில்லை. "இனி உன்னை நம்பிக் கதவைத் திறக்க முடியாது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த நாகரிகம் மனிதர்களாகிய நமக்கு வருவதில்லை. கொடுத்த நம்பிக்கையைத் திரும்பக் கேட்க முதலில் கூச்சப்படுகிறோம். பிறகு ஒரு நாள், கேட்டே தீரவேண்டும் என்ற நிலை வரும்போது, நம்முடைய கூச்சத்தை மறைப்பதற்காக எதிரில் இருப்பவனைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். கணக்கை வேறொருவரிடம் ஒப்படைக்க விரும்பும் முதலாளி, பழைய கணக்குப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் முணுமுணுக்கத் தொடங்குகிறார். நம்பிக்கையை மாற்றி வைக்க ஒருவனுடைய மானத்தை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால், வராதவனின் கதை வேறு. சொத்துப் பிரிக்கிறார்கள், சம்பந்தம் பேசுகிறார்கள், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். சமையலறையில் இருக்கும் விதவைத் தங்கையையோ, பிழைக்கப் போன இடத்திலிருந்து வர முடியாத தம்பியையோ யாரும் திட்டவில்லை, வெறுக்கவில்லை. அவர்கள் பெயர் எழுவதில்லை, அவ்வளவுதான். யந்திரத்துக்குக் காரணம் கேட்கத் தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்தும் கேட்பதில்லை. அதனால் யந்திரத்தின் மீது இல்லாத பாவம் நம்மீது இருக்கிறது.

அழிக்கப்பட்ட சாவியிடம் ஒரு விசித்திரம் உண்டு. அதன் உலோகப் பல் அப்படியே இருப்பதால், கதவிலுள்ள துவாரத்தில் போட்டால் கதவு திறக்கும். உள்ளே போய் உட்காரலாம். திருப்பும்போதுதான் எஞ்சின் மௌனம் சாதிக்கும். வாசலில் வரவேற்புப் பெற்று, காபியும் குடித்துவிட்டு, தன் சொல்லுக்கு இனி அங்கே மதிப்பில்லை என்பதைப் பேச்சின் நடுவில் அறிந்துகொள்ளும் உறவினர்களை நாம் பார்த்ததில்லையா? ஒரு ஆறுதல், அந்தச் சாவிக்குள் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. மறந்தது கார்தான். மறுபடி ஒருமுறை அறிமுகம் செய்தால் அதே சாவி அதே காரை ஓட்டும்.

ஆகையால், அனுபவமுள்ள மெக்கானிக் வேலையைத் தொடங்கும் முன்பே, "வீட்டில் வேறு சாவி ஏதாவது இருக்கிறதா? எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழிலின் தர்மம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அழிப்பது சில சமயங்களில் அவசியமாகலாம். திருடனுக்காக வைத்த அந்தப் பத்து நிமிஷத்தை நாமும் எடுத்துக்கொண்டு, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அழிக்கலாம்.