முக்காடு விலக்கப்பட்ட முகங்கள்

1960-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவம் கிராமத்து மக்களை ஊரைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களுக்கு அடையாள அட்டை தரவேண்டும். படம் எடுக்கும் வேலை, கட்டாய ராணுவச் சேவையில் இருந்த மார்க் கரான்ஜேவுக்கு. பத்து நாட்களில் சுமார் 2,000 பேரை எடுத்தார். பெரும்பாலும் பெண்கள். முக்காட்டை விலக்கச் சொன்னார்கள், மறுக்க வழியில்லை.

ஸ்டூடியோ நடத்துபவன் நான். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர் லென்ஸைப் பார்த்ததும் கண்ணில் ஒரு இசைவு வரும். இந்தப் பெண்களிடம் அது இல்லை. ஒரு கிழவி: நெற்றியில் பச்சை குத்திய கோலம், கலைந்த தலைமுடி, இறுக மூடிய வாய். கண் மட்டும் நேரே நம்மீது. அடக்கி வைத்த கோபம் அது.

எதிரில் இருப்பவரின் கண் என்ன நிறம் என்று கவனிக்காதபோதுதான் அவரை உண்மையாகச் சந்திக்கிறோம் என்றார் யூத தத்துவஞானி லெவினாஸ். முகம் நமக்கு இடும் முதல் கட்டளை, கொல்லாதே. அடையாள அட்டைக்கோ நிறமும் தழும்பும்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் கட்டளை இந்தப் படங்களில் அழியவில்லை என்றே நம்புகிறேன்.

அப்படியானால் நான் பார்க்கலாமா? எனக்காகவும் அந்தக் கிழவி முக்காட்டை விலக்கவில்லையே! பார்க்கிறேன், கடைச் சுவரில் மாட்டமாட்டேன். 2004-ல் கரான்ஜே திரும்பிப் போய் அந்தப் பெண்களில் சிலரைத் தேடிப் பிடித்தார். தங்களுடையது என்று சொல்ல அவர்களுக்கு வேறு படமே இருக்கவில்லை.