ஊன்றிய பாதம்

இலங்கை மலைநாட்டில் 2,243 மீற்றர் உயரத்தில் ஒரு பாறை, அதன் உச்சியில் ஒரு காற்சுவடு. நாங்கள் சிவனுடையது என்கிறோம். மலை எங்களுக்குச் சிவனொளிபாதமலை. சிங்கள பௌத்தருக்கு அது புத்தர் பதித்த ஸ்ரீபாதம். முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பதூதா இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறியது ஆதம் நபியின் சுவட்டைப் பார்க்கத்தான். கிறிஸ்தவரில் சிலர் புனித தோமையார் என்பார்கள். யாருடைய கால் என்பது ஐயமறத் தெரிந்துவிட்டால் ஏறுகிறவர் தொகை கூடுமா, குறையுமா? குறையும் என்றுதான் நினைக்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் சைவநெறி படிப்பித்த காலத்தில், சிவனின் அடிமுடி தேடிய கதையை நடத்தி முடித்ததும் ஒரு பையன் எழும்பினான். “டீச்சர், அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டித்தானே போனாரு? நம்ம மலையில அடி ஏன் உச்சியில இருக்கு?” நல்ல கேள்வி. திருமாலுக்குப் பாதாளத்திலும் அகப்படாதது, கொழுந்து பறிக்கிற பெண்கள் ஏறிப்போய்க் கும்பிடுகிற உயரத்தில் கிடக்கிறது. அந்தக் கேள்வியோடு எனக்கு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: சுவடு ஒன்றுதானே இருக்கிறது, மற்றக் கால் எங்கே?

மனவாசகங்கடந்தாரின் ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ சித்தாந்த நூல் கூத்தப்பிரான் திருமேனியில் ஐந்தொழிலையும் காட்டுகிறது. துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல். பாறையில் பதிவது ஊன்றிய பாதம் மட்டுமே. தூக்கிய பாதம் எங்கும் தடம் விடாது. அப்படியானால் உச்சியில் இருப்பது மறைக்கிற கால். அது யாருடையது என்று இத்தனை மதத்தாராலும் தீர்த்துக்கொள்ள முடியாததில் என்ன வியப்பு? அவ்வளவு தூரம் ஏறிப் போனாலும் கண்ணில் படுவது துணியும் கற்பலகையும்தான். மெய்யான சுவடு அதற்கும் அடியில் என்பது ஐதீகம்.

இறைவன் தன்னை ஒளித்துக்கொள்வது தண்டனை அல்ல, உயிர் பக்குவப்படும்வரை அதுவும் அருளே என்கிறது சித்தாந்தம். புத்தகத்தில் படித்தால் வறண்டுதான் இருக்கும். மலையடிவாரத்து நல்லதண்ணியில் இரவு புறப்பட்டு ஏறியவருக்கு விளங்கும்.

பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பெரியம்மாவோடு போனபோது சீதகங்குல ஓடையில் முகம் கழுவிக்கொண்டோம். தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. அதற்கு மேலே, புத்தர் சீவரத்தைத் தைத்ததாக நம்பும் இடத்தில், ஊசியில் நூல் கோத்து விடுகிறார்கள். பாதையோரம் வெள்ளை நூல் பனியில் நனைந்து தொங்கியது. நிமிர்ந்து பார்த்தால் மின்விளக்கு வரிசை, எது விளக்கு எது நட்சத்திரம் என்று தெரியாத உயரத்துக்குப் போகிறது. “மேல பாக்காத, அடுத்த படியப் பாரு” என்று எனக்குச் சொன்ன பெரியம்மாவே நாலு தரம் பார்த்துவிட்டுக் குந்திவிட்டார். அப்புறம் பனி மூடி விளக்குகளை விழுங்கியது. அதன் பிறகுதான் அவர் நடை சீரானது.

கடைசிப் படிகள் செங்குத்து. கைபிடிக் கம்பி விரலை விறைக்கவைக்கும். முன்னே வெள்ளை உடுத்த ஒரு சிங்கள ஆச்சி. பேரன் பின்னால் நின்று தாங்க, படிக்கொரு ‘கருணாவய்’. பெரியம்மா படிக்கொரு ‘அரோகரா’. ஒருவர் மூச்சு வாங்க நின்றால் மற்றவரும் நின்றார்.

சூரியன் கிளம்பியதும் கூட்டம் முழுக்கக் கிழக்கே திரும்பியது. ‘சாது, சாது’, அரோகரா, கமராக்கள். அழகுதான். ஆனால் நான் பார்க்க விரும்பியது மேற்கே விழுந்த முக்கோண நிழலை. மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அட்டன் ஸ்டேசனில் நின்றால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல, எந்த மலையுச்சியில் நின்று பார்த்தாலும் நீண்ட நிழல் கூம்பித்தான் தெரியும். வெளிச்சம் வந்த பிறகும் மலை தன் உண்மை உருவத்தைக் காட்டிவிடவில்லை.

இறங்கும்போது, பகல் வெளிச்சத்தில் படிகளைப் பார்த்துப் பெரியம்மா நெஞ்சில் கைவைத்தார். “இதையா ஏறினேன்? பகல்ல வந்திருந்தா பாதியில திரும்பியிருப்பேன்.” மறைத்தல் பற்றி இதைவிட நல்ல உரையை நான் வாசித்ததில்லை.

மதநல்லிணக்க மலை என்று எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சீதாவக்கை முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் இதைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான் என்பது வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் மீட்டுப் பிக்குகளிடம் ஒப்படைத்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோ மதுரை நாயக்கர் வழியில் வந்தவன்! மலையும் கைமாறியிருக்கிறது. ஐந்தொழிலைச் சொல்லி நீயும் சுவட்டைச் சைவத்தின் பக்கம் இழுக்கிறாயே என்று கேட்டால், ஆமாம், என் கையில் இருக்கிற நூலைக் கொண்டுதானே நான் அளக்க முடியும். ஆனால் சாஞ்சியிலும் பர்ஹூத்திலும் பழஞ்சிற்பிகள் புத்தரை உருவமாக வடிக்கவில்லை; பாதச் சுவட்டையும் வெற்று ஆசனத்தையுமே செதுக்கினார்கள். அந்த ஆச்சியிடம் கேட்டிருந்தால் இதே மறைவை அவர் வழியில் சொல்லியிருப்பாரோ என்னவோ. என் சிங்களம் கடையில் சாமான் வாங்கத்தான் காணும்.