நம்பிக்கை குறைஞ்சா வர்ற நோயா இது?

 

எங்க டி. கல்லுப்பட்டியில் என் நண்பன் ஒருவன். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு என்னோடு பழனிக்கு நடப்பவன். போன வருஷம் வரவில்லை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. "மாப்ள, உனக்கு நம்பிக்கை பத்தலடா"ன்னு சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். காய்ச்சல் வந்தவனிடம் அப்படிச் சொல்வேனா? இன்றும் உறுத்துகிறது.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஓயாத பயமும் படபடப்பும் பதற்ற நோயாக இருக்கலாம். யாருக்கும் கேட்காத குரல் தனக்கு மட்டும் கேட்டால் உடனே டாக்டரிடம் போகணும். இதில் எதுவும் பக்திக் குறைவு இல்லை.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. குணமாகும் என்று நம்பி விடப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். தீப்பிடித்தது. 28 உயிர்கள் போயின. தப்பு அவர்கள் நம்பிக்கையில் இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டியவர்களைக் கட்டிப்போட்டதில்தான்.

வாழ்வு வெறுத்து அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "உன் பக்தி எவ்வளவு?" என்று அவன் கேட்கவில்லை. முதலில் கையை நீட்டினான்.

நான் தாமதமாகத்தான் நீட்டினேன். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நண்பனோடு போனேன். இப்போது மாத்திரையும் போடுகிறான், விளக்கும் போடுகிறான்.

உங்களுக்கோ நண்பருக்கோ மனசு தாங்கலைன்னா 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!